தட்டில்லாத தாங்கி

மெழுகுவர்த்தித் தாங்கியைப் பற்றி யாரும் என்னிடம் தாமாகக் கேட்பதில்லை, கோவிந்தப்பா சார். இன்ஸ்பெக்டர் ஒருவர் கேட்பது எனக்கு மரியாதைதான்.

ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக ஓய்வு பெற்றபின் இதைத்தான் படித்தேன். ஆதியில் வெறும் கூர்முனை. வர்த்தியை அதில் குத்தி நிறுத்துவார்கள். உருகிய மெழுகு துணியில் விழுந்து பலர் எரிந்த பிறகுதான் அடியில் தட்டு வந்தது. மாதம் ஒரு ஞாயிறு மாலை எங்கள் ஒக்கலிபுரம் வீட்டில் சர்ச் ஆட்களுக்கு இதையெல்லாம் விளக்குவேன். கேக்கும் உண்டு, தவறாமல் வருவார்கள்.

என் பெருமை ஒரு பித்தளை ஜோடி. போர்ச்சுகீசியக் கப்பலில் வந்தது என்று அட்டை எழுதி வைத்திருந்தேன்.

போன ஞாயிறு, பேச்சின் நடுவில் கரண்ட் போயிற்று. ஜோடியை ஏற்றினேன். பாதிரியார் எழுந்தே நின்றுவிட்டார். ஃபேன் நின்றதால் யாரோ உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டார்கள். இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதமாக அங்கே படுத்திருந்த என் மனைவி ஜோசஃபின் எட்டிப் பார்த்தாள்.

“ஃபாதர், அது எங்கம்மா கட்டில் காலு. தூளிக் கயிறு தேஞ்ச பள்ளம் இருக்கும், தடவிப் பாருங்க. கட்டிலையே வித்துட்டேன்னாரு இவரு.”

பாதிரியார் தடவிப் பார்த்தார். யூனிஸ் டீச்சர் கேக்கை மென்றபடி கேட்டாள்: “மிச்ச ரெண்டு காலும் அடுத்த கப்பல்ல வருதா, அங்கிள்?”

சிரித்தார்கள். ஜோசஃபினும் சிரித்தாள். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு என்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

அவர்கள் போன பிறகும் கரண்ட் வரவில்லை. நோயாளியை இருட்டில் விடலாமா? கூர்முனைத் தாங்கி ஒன்றில் வர்த்தியை ஏற்றி, அவள் கொசுவலையை ஒட்டி ஸ்டூலில் வைத்தேன். தட்டில்லாத வகை. கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னாள். நான் வைக்கவில்லை.

வலை பற்றியதும் ஜோடியைக் கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். ஜோடியைப் பிரித்தால் மதிப்பு போய்விடும். உள்ளறை ஏன் வெளியே தாழிட்டிருந்தது என்கிறீர்கள். புகை பட்டால் பித்தளை கறுக்கும் என்று நேற்றுச் சொன்னேன். அது சரியல்ல. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஜோடியை எடுக்குமுன் தாழ்ப்பாளைப் போட்டது நான்தான்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பறிமுதல் பட்டியலில் ‘கட்டில் கால், இரண்டு’ என்று உங்கள் ரைட்டர் எழுதியிருக்கிறார். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். நாளைக்குக் கோர்ட்டில் நாலு பேர் படிப்பார்கள்.