உள்ளே போக வழி எங்கே?

பெரியவர்களே, இவ்வளவு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு சின்னக் கதையைப் பிடித்துக்கொண்டு பேசிவிடுகிறேன்.

திருத்தணிப் பக்கம் தணிகாசலம் என்று ஒரு பேருந்து நடத்துனர். பதினாறு வருடமாக வாடகை வீடு. அவரும் மனைவி வேதவல்லியும் சிங்காரவேலு என்பவரின் மனையைப் பார்த்தார்கள். எத்தனை தடவை? ஒன்பது தடவை. வாஸ்து பார்த்தார்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்கள். முருங்கையை எந்த மூலையில் வைப்பது என்றுகூட முடிவாகிவிட்டது... பத்திரத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

"இதுக்கு எதுக்குத் தனியா ஆளு? என் பழைய பத்திரத்தையே பார்த்து எழுதிக்கலாம்" என்றார் சிங்காரவேலு. தணிகாசலமும் தலையாட்டினார். வேதவல்லி விடவில்லை.

"புடவை எடுத்தாலே பிரிச்சுப் பார்ப்பேன். இது வீடுங்க."

இரண்டு பேரையும் பத்திர எழுத்தர் நூர்ஜஹான் அம்மாவிடம் இழுத்துப் போனார்.

நூர்ஜஹான் அம்மா பழைய பத்திரத்தைப் படித்தார். வரைபடத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார்... கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, மனைக்குள்ள எப்படிப் போனீங்க?"

"நடந்துதாம்மா."

"அது தெரியுது. எது மேல நடந்தீங்க?"

தணிகாசலம் சிங்காரவேலுவைப் பார்த்தார். சிங்காரவேலு மின்விசிறியைப் பார்த்தார்.

"அது... என் தங்கச்சி அஞ்சலையோட இடம்மா. யாரு தடுக்கப்போறா?"

"நாலு பக்கமும் அடுத்தவங்க நிலம். பாதைன்னு இதுல ஒரு வரி இல்ல. வீட்டைக் கட்டிட்டு மேலேருந்து குதிப்பீங்களா தம்பி?"

வேதவல்லி சிரித்துவிட்டார். "பகல் பூரா ஊரையே 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு தள்ளுற மனுஷன்... சொந்த வீட்டுக்குள்ள போற வழியைப் பார்க்கல பாருங்க."

அஞ்சலைக்குப் போன் போட்டு வரவழைத்தார்கள். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு அண்ணனை முறைத்தார். "வெள்ளிக்கிழமை அங்க சுவர் எழுப்பக் கொத்தனாருக்குச் சொல்லிட்டேன். நீ மனையை விக்கிறதையே இப்பதான் சொல்ற?"

வேதவல்லியின் சிரிப்பு நின்றுவிட்டது. பதினாறு வருட ஆசை... ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்.

அஞ்சலை அவர் முகத்தைப் பார்த்தார். "கார் போகணுமா, வண்டி போனாப் போதுமா?"

"வண்டி போதும்க்கா."

"பின்ன ஏம்மா முழிக்கிற? எட்டடி விட்டுச் சுவர் வைக்கிறேன். எழுதுங்கம்மா, நானும் வந்து பதிஞ்சு தர்றேன்."

இப்போது சொல்லுங்கள். அஞ்சலை கெட்டவரா? இல்லை. அண்ணன் ஏமாற்றுக்காரரா? அதுவும் இல்லை. எல்லோரும் நல்லவர்கள்... அப்படியும் ஒரு குடும்பம் வழியில்லாமல் நின்றிருக்கும். நாம் மண்ணைப் பார்ப்போம், மரத்தைப் பார்ப்போம். பத்திரத்தில் என்ன இல்லை என்று பார்க்க, அதையே தொழிலாகச் செய்கிற கண் வேண்டும். வாங்குகிறவர்களே, விற்கிறவர்களே, கையெழுத்துக்கு முன்னால் அந்தக் கண்ணிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

இப்போது தணிகாசலம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், அவர் அந்த எட்டடிப் பாதையின் முனையில் நின்று கை காட்டுகிறார்.

"உள்ள போங்க, உள்ள போங்க... பத்திரத்துலயே இருக்கு."