சொல்லாமல் விட்ட பிடிகாரர்

சேலத்து மருத்துவமனையில், எக்ஸ்ரே அறை வாசலில் எனக்கு முன்னே இருவர் நின்றிருந்தனர். ஒருவர் கபடி ஆடிய மண்ணோடு, டவுசரில் இருந்தார். மற்றவர் தோளில் துண்டு போட்டிருந்தார்.

“புடிகாரங்கள்ல எல்லாருக்கும் மேல குமாரபாளையத்துச் செல்லமுத்துதானுங்க. கணுக்காலைப் புடிச்சா உடமாட்டாருங்க,” என்றார் டவுசர்க்காரர்.

“அவரு புடிச்சதெல்லாம் ஒல்லிப் பசங்கப்பா. அம்மாபேட்டை ஆறுமுகம் இடுப்பைக் கட்டுனா, கபடி பாடி வாரவன் எவனும் கோட்டுக்குத் திரும்புனதில்ல.”

“சரிங்க. அந்த ரெண்டு பேருக்கும் மேல உங்க தம்பி ராசுங்க.”

துண்டுக்காரரின் குரல் தாழ்ந்தது.

“அவன் பேரை மட்டும் இப்ப எடுக்காத. ஆள் புடிக்கப் போயி கழுத்து மடங்கி உழுந்தவன் உள்ள கெடக்கறான். ஆட்டத்தை முடிச்சு ஓஞ்சுட்டவங்களோட அவனைச் சேக்காத.”

டவுசர்க்காரர் குனிந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

கதவு திறந்தது. கழுத்தைத் திருப்பாமல், ஆனால் தன் காலாலேயே நடந்து ராசு வெளியே வந்தார்.

“எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்குதாமுங்கண்ணா. சுளுக்குத்தானாம். ஆமா, வெளிய என்ன பேச்சு?”

“பெரிய புடிகாரங்களப் பத்தி.”

“என்னைய எங்க வெச்சீங்க?”

அண்ணன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“மூணாவதா வெச்சுக்கறேன். அவங்க ரெண்டு பேரும் கையிலதான் ஆள் புடிச்சாங்க சாமி, கழுத்துல இல்ல.”