நிச்சயம் என்ற பொத்தான்

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு மின்சார ரயில் அண்ணனூரை விட்டது. என் எதிர் இருக்கையில் மடிக்கணினியோடு இருந்தவன் பக்கத்திலிருந்த நண்பனிடம் புலம்பினான்.

“மச்சான், நிச்சயம் ஆன பொண்ணுங்க எல்லாம் காணாம பூட்டாங்கடா.”

“இன்னாடா உளர்ற?”

“கல்யாணத் தரகருக்கு வெப்சைட் பண்ணேன்ல? அட்மின் பேஜை நான்தான் தமிழ்ல மாத்துனேன். டெலிட் பட்டனுக்கு ‘எடு’ன்னு போட்டேன். ‘ஷூரா’ன்னு கேக்கும்ல, அதுக்கு ‘நிச்சயம்’னு போட்டேன்.”

“அப்புறம்?”

“மனுஷன் ரெண்டையும் அமுக்கி, பொண்ணு எடுத்து, நிச்சயமும் பண்ணிக்கினே போயிருக்காரு! மத்தியானத்துக்குள்ள எல்லாரும் திரும்பி வரலன்னா, வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாராம்.”

“பேக்கப் கீதா?”

“கீது. ஆனா திரும்பவும் அமுக்குவாரே!”

“டெலிட் பட்டன்ல ‘விவாகரத்து’ன்னு போடு மாமே. கையே வெக்க மாட்டாரு.”

அம்பத்தூர் வருவதற்குள் அவன் அதையே தட்டச்சு செய்து முடித்திருந்தான்.