கூரை மேல் ஓர் உருளைக்கிழங்கு

உங்கள் கார் நிற்கிறதே சார்ஜன்ட், அது என் கூரை. குறையாகச் சொல்லவில்லை. டாஸ்மேனியாவில் பாதிப் பேர் அங்கேதான் நிறுத்துகிறார்கள். மீதிப் பேரின் ஆடுகள் அங்கே மேய்கின்றன.

பதினோரு வருடம் வரைந்து கட்டிய அருங்காட்சியகம். குன்றிலேயே வெட்டிய கல், குன்றிலேயே பிடுங்கிய புல். கதவுகூடப் பாறைதான், விரல் வைக்க ஒரு பள்ளம், அவ்வளவு. வயிற்றில் ஒரு கட்டடம் இருப்பது குன்றுக்கே தெரியக் கூடாது என்று நினைத்தேன். பார்வையிட வந்த அமைச்சர் அதன் மேலேயே உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுவிட்டு, "எப்போ கட்ட ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே விருது அது.

மேயர் மேர்வ் பைபஸுக்குத்தான் பிடிக்கவில்லை.

"யோவ் கிழவா, ஆட்டுக்கா கட்டின? ஆளுங்க வரணும்யா. வடக்க ஒரு ஊர்ல மூணு மாடி உசரத்துக்கு இறால் பொம்மை வச்சிருக்கான். பஸ் பஸ்ஸா வந்து நின்னு போட்டோ எடுக்குறாங்க. நாம உருளைக்கிழங்கு வைக்கிறோம். மஞ்சக் கலரு."

"எங்க வைக்கப் போற, மேர்வ்?"

"உன் கூரை மேலதான். அப்பவாச்சும் அங்க ஒண்ணு இருக்குன்னு தெரியட்டும்."

நான் கோபப்படவில்லை. கோபத்தில் எவனாவது பணிவாகக் கதவைத் திறந்துவிடுவானா? கிழங்கின் பாரத்தைக் கூரை தாங்குமா, உள்ளே போய்ப் பார் என்றேன். அளவு டேப்போடு போனார். சாத்தினேன். பள்ளத்தில் களிமண் அடைத்து, பாசி ஒட்டி, மேலே புல் பதித்தேன்.

நான் கொடூரன் அல்ல. உள்ளே மழைத்தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. திறப்பு விழாவுக்கு வாங்கிய நானூறு லாமிங்டன் கேக்குகளும் இருக்கின்றன. அவற்றின் மேல் புரட்டியிருக்கும் தேங்காய்த் துருவல் மேர்வுக்கு ஆகாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

முதல் வாரம் தட்டினார். கரடுமுரடான தாளம், சூழலோடு ஒட்டவில்லை. இப்போது தவளைகள் கத்தும் நேரம் பார்த்து மெதுவாகத் தட்டுகிறார். நல்ல கட்டடம் மனிதனை மாற்றும் என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன்.

ஆம், அடைத்தவன் நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கதவு இருக்குமிடத்தை ஒளிக்கிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். மூன்றாம் நாளே திறந்துவிடலாம் என்று போனேன். அன்றிலிருந்து பதினாறு நாளாக நானும் குன்றைத் தடவிக்கொண்டிருக்கிறேன். சொன்னால் பெருமை என்பீர்கள், எனக்கே கிடைக்கவில்லை.

உங்கள் ஆட்கள் கடப்பாரையோடு கிளம்பியிருக்கிறார்களாம். ஒரே ஒரு வேண்டுகோள். தெற்குச் சரிவில் மட்டும் கை வைக்க வேண்டாம். அங்கே நான் பதித்த புல் இப்போதுதான் வேர் பிடிக்கிறது.