பறி கடித்த செவிலிக்கு ஏரிக்கரையின் பாராட்டு

பழவேற்காட்டு ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளத்துக்கும் ஆரம்பாக்கத்துக்கும் இடையே சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கெல்லாம் சிகிச்சை சொல்லி, சீறிச் சினந்து, பின் சிரித்துச் சீராட்டி, முப்பத்தாறு ஆண்டுகள் அரசுப் பணியில் முறை தவறாது நின்று, எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து இன்று ஓய்வு பெறும் மூத்த செவிலியே! காட்டூர் தந்த கருணைக் கனலே! பிடிவாதத்தின் பேருருவே! மனோரமா அம்மையே! உங்களோடு பணியாற்றிய நாங்கள் எழுந்து நின்று வணங்குகிறோம்.

அச்சகத்தார் எங்களிடம் நீட்டிய மாதிரி மடல் "பொறுமையின் பூமியே" என்று தொடங்கியது. படித்துவிட்டு மருத்துவர் ஆர்த்தி என்னைப் பார்த்தார், நான் ஆய்வக நுட்பநர் சாமைப் பார்த்தேன், மூவரும் வாய்விட்டுச் சிரித்தோம். மருந்தாளுநனாகிய நான் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டேன். பொறுமை உங்களிடம் ஒருநாளும் குடியிருந்ததில்லை அம்மா. வரிசையில் நிற்பவரை ஒதுக்கிவிட்டு வாடி வதங்கியவரை முதலில் அழைப்பீர்கள். மருந்து தர நான் ஒரு நொடி தாமதித்தால் சன்னலுக்குள் கைவிட்டு நீங்களே எடுப்பீர்கள். உங்களைப் பாராட்ட வேண்டுமானால் உங்கள் பிடிவாதத்தைத்தான் பாராட்ட வேண்டும். அதிலும் முனியம்மாள் பொருட்டு நீங்கள் பிடித்த பிடிவாதத்தை.

உயிர் காத்த உறுதியே!

முனியம்மாள் ஏரியில் கையாலே இறால் பிடிப்பவர். கழுத்தளவு நீரில் குந்தி நகர்ந்து, சேற்றில் இரு கைகளாலும் துழாவி, அகப்பட்டதைப் பறி என்னும் ஓலைக்கூடையில் போடுவார். இரு கைக்கும் வேலை இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார். விடிந்ததும் இறங்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை அப்படித்தான். அந்த வேலையில் இடுப்பு வலி வராமல் இருக்குமா? வந்த வலிக்குக் கடையில் வாங்கிய வலி மாத்திரையை மிட்டாய்போல் விழுங்கிக்கொண்டிருந்தார். என் சன்னலில் கேட்டால் நான் தரமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

சென்ற கோடையில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டும் அவர் ஏரிக்குப் போவதை நிறுத்தவில்லை. உடலில் நீர் வற்றிய நேரத்தில் மாத்திரையும் சேர்ந்தது. ஒரு காலையில் கணவர் வேலு கைத்தாங்கலாக அழைத்து வந்தபோது, வாசலிலேயே அவர் முகத்தின் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுக்குப் போயி எத்தினி நாளாச்சு?" என்று கத்தினீர்கள். முனியம்மாள் வெட்கப்பட்டு வேலுவைப் பார்த்தார். "அவர இன்னா பாக்கற, அவரா போவப்போறாரு? என்னப் பாத்து சொல்லு!" என்றீர்கள். சாம் ரத்தத்தைச் சோதித்து முடிப்பதற்குள் நீங்கள் ஆம்புலன்சையே வரவழைத்துவிட்டீர்கள். சோதனை முடிவும் உங்கள் கண் சொன்னதையே சொன்னது. சிறுநீரகங்கள் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன.

அன்று அந்த வண்டியில் நீங்களும் ஏறினீர்கள். சென்னைப் பெரிய மருத்துவமனையில் இயந்திரம் முனியம்மாளின் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பிச் செலுத்தியது. சில வாரங்களில் சிறுநீரகங்கள் மெல்ல விழித்துக்கொண்டன. ஆனால் முழுமையாக அல்ல. இன்னொருமுறை இப்படி நேர்ந்தால் வாழ்நாள் முழுவதும் வாரம் மும்முறை அந்த இயந்திரத்தோடுதான் என்று அங்கே எச்சரித்து அனுப்பினார்கள். வாரம் மும்முறை சென்னைக்குப் போய்வந்தால் ஏரிக்கு எப்போது போவது, எதைச் சாப்பிடுவது? திரும்பி வந்ததும் எங்களிடம் நீங்கள் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது: "இந்தப் பொம்பளய அந்த மெஷினுக்கு நான் உடமாட்டேன். எழுதி வச்சுக்கோங்க."

கற்றதைக் கரைக்குக் கொண்டுசென்ற கல்வியே!

படகுத்துறையில் பெண்களைக் கூட்டிவைத்து நீங்கள் நடத்திய பாடத்தை எங்கள் மருத்துவரே நின்று கேட்டார். விலாவுக்குக் கீழே முதுகை ஒட்டிக் மூடிய கை அளவில் இரண்டு உறுப்புகள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறையப் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். போகியன்று வீட்டுச் சாமானையெல்லாம் வாசலில் எடுத்துப் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் மறுபடி உள்ளே கொண்டுபோவோம் அல்லவா? சிறுநீரகமும் அப்படித்தான் செய்கிறது என்றீர்கள். ரத்த அணுக்களை உள்ளேயே நிறுத்திக்கொண்டு, நீர், உப்பு, சர்க்கரை, கழிவு எல்லாவற்றையும் ஒன்றாக வடித்துவிடுகிறது. பிறகு சர்க்கரையையும் வேண்டிய உப்பையும் பெரும்பங்கு நீரையும் திரும்ப எடுத்துக்கொண்டு, கழிவை மட்டும் கொஞ்சம் நீரில் கரைத்து அனுப்பிவிடுகிறது. நாளொன்றுக்கு வடிப்பது நூற்றெண்பது லிட்டர், வெளியே விடுவது ஒன்றரை லிட்டர் என்று நீங்கள் சொன்னதும் முனியம்மாள் மலைத்துப்போனார்.

"அவ்ளோ தண்ணி எனக்குள்ள எங்கமா கீது?"

"கீறது கொஞ்சம்தான். அதையேதான் திருப்பித் திருப்பி சலிக்குது."

உடலில் நீர் குறைந்தால் மூளை கட்டளை அனுப்பும், சிறுநீரகம் நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், சிறுநீர் அடர்மஞ்சளாகும். மிகவும் குறைந்தால் ரத்தமே போதிய அளவு வடிகட்டிக்கு வந்து சேராது. அந்த நேரத்தில் வலி மாத்திரையும் போட்டால், ரத்தம் வடிகட்டிக்குள் நுழையும் வழியை அது மேலும் இறுக்கிவிடும். இதைச் சொன்னபோது நீங்கள் என்னைச் சுட்டிக்காட்டி, "இவரு தரமாட்டேன்னா கஞ்சத்தனம்னு நெனக்காதீங்க" என்றீர்கள். அன்றுதான் ஊரில் என் பெயர் கொஞ்சம் தேறியது.

எல்லாம் கேட்டபின்பும் முனியம்மாள் தண்ணீர் குடிக்கவில்லை. அவருக்கு உங்கள்மேலேயே கோபம். "ஆஸ்பத்திரில அளந்து அளந்துதான் குட்த்தாங்க, மேல ஒரு வாய் கேட்டா கூடாதுன்னாங்க. இங்க வந்தா குடி குடின்றே. இன்னாமா உங்க ஞாயம்?" என்று கேட்டார். அப்போது சிறுநீரகம் நின்றிருந்ததால் உள்ளே போன நீர் வெளியேற வழியின்றிக் காலிலும் நுரையீரலிலும் தேங்கியிருக்கும் என்றும், இப்போது வழி திறந்துவிட்டதால் ஓட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் விளக்கினீர்கள். அதை ஒப்புக்கொண்டவர் அடுத்ததாக ஒன்றைச் சொன்னார். அதைச் சொல்லும்போது கரையில் இருந்த பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

"நாளெல்லாம் தண்ணிலதான ஊறிக்கினு கீறோம்! ஒடம்பு குடிச்சிக்காதா? தனியா வேற குடிக்கணுமா?"

தலைமுறை தலைமுறையாக நீரிலேயே பிழைப்பவர்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. வேறெந்த ஊரிலும் இந்தத் தவறு பிறந்திருக்காது. நீங்கள் அன்று சிரிக்கவில்லை. "தோல் வழியா ஒரு சொட்டு உள்ள போவாது முனிமா. தண்ணில குந்தினா ஏரி ஒன் கால அமுக்குது. கால்ல கீற ரத்தம் நெஞ்சுக்கு ஏறுது. 'ஐயோ, தண்ணி ஜாஸ்தியா பூடுச்சே'னு ஒடம்பு ஏமாந்து பூடுது. ஒடனே கிட்னி இன்னா பண்ணும்? வெளிய தள்ளும். ஊற ஊற ஒனக்குத் தண்ணி கொறையுது, ஏறல" என்றீர்கள்.

ஏரியில் இறங்கிய ஏந்தலே!

அடுத்த மாதப் பரிசோதனையில் முனியம்மாளின் ரத்தத்தில் கழிவின் அளவு மறுபடி ஏறியிருந்தது. சாம் அந்தத் தாளை உங்களிடம் தரத் தயங்கினார். நீங்கள் தாளை வாங்கிப் பார்த்து மடித்து வைத்தீர்கள். மறுநாள் விடிந்ததும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வேலுவின் படகில் ஏறி, பெண்கள் இறால் துழாவும் இடத்துக்கே போய்விட்டீர்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேலுவிடம் கொடுத்துவிட்டு நீரில் குதித்தீர்கள். "எனக்கும் ஒரு பறி குடு" என்று வாங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு குந்தினீர்கள். கிளிஞ்சல் முழங்காலைக் கிழித்தது. இறால் ஒன்றும் கையில் சிக்கவில்லை. உங்களால் ஏதோ ஒரு நண்டு மட்டும் வீடு இழந்து ஓடியதாக வேலு சொல்கிறார்.

பேசிப் பேசியே எங்களை ஓட்டிய உங்கள் வாய் அன்றுதான் மூடியிருந்தது. பறியைக் கொட்ட வந்த முனியம்மாள் உங்கள் அருகில் நின்று, "இப்போ தண்ணி குடிமா பாக்கலாம்!" என்றாராம். நீங்கள் பதில் சொல்ல முயன்றதும் பறி நழுவ, பெண்கள் அத்தனை பேரும் ஏரி அதிரச் சிரித்தார்களாம். கரையில் நின்று சொன்ன எந்த அறிவுரையும் ஏன் பலிக்கவில்லை என்பது அந்த ஒரு நொடியில் உங்களுக்கு விளங்கிவிட்டது. வாய் காலியாக இருந்தால்தானே குடிக்க முடியும்? அப்படிக் காலியாவது, நிறைந்த பறியைப் படகில் கொட்ட வரும்போது மட்டும்தான்.

அங்கேயே நீரில் நின்றபடி நீங்கள் ஒரு வழக்கத்தை உண்டாக்கினீர்கள். படகின் ஓரத்தில் நல்ல தண்ணீர்க் கேன் ஒன்று கட்டப்பட்டது. "பறியக் கொட்டு. திரும்பக் கடிக்கறதுக்கு முன்னாடி குடி. குடிக்காத வாயில பறி ஏறக்கூடாது" என்றீர்கள். படகில் இருக்கும் வேலுவைக் காவலாக வைத்தீர்கள். "அது என்னத் திட்டுமே" என்று வேலு தயங்க, "திட்டட்டும், என்னையும்தான் திட்டுது" என்றீர்கள். அதன்பின் விடுப்பு நாளிலும் படகில் போய் நீங்கள் பார்த்து வந்தது எங்களுக்குத் தெரியும். கேட்டால் காற்று வாங்கப் போனதாகச் சொல்வீர்கள். பொய் சொல்ல உங்களுக்கு வராது அம்மா, இனிமேலும் முயல வேண்டாம்.

முனியம்மாளின் அளவு இறங்கியது. முழுதாகச் சீராகவில்லை, ஆகவும் ஆகாது என்று மருத்துவர் ஆர்த்தி ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் அது நிலைத்து நிற்கிறது. வலி மாத்திரையை அவர் விட்டுவிட்டார். இடுப்புக்கு ஒத்தடமும், நாங்கள் பார்த்துத் தரும் தைலமும்தான். இன்று அந்தப் பெண்கள் வரிசையில் குடிக்காமல் பறியைக் கடிப்பவர் ஒருவரும் இல்லை.

விடைபெறும் வீரமே!

நீங்கள் போனால் யார் வந்து பார்ப்பார்கள் என்று ஏரிக்கரையில் ஒரு கவலை உலவுகிறது. அதற்கு இந்த அவையில் எல்லார் முன்னாலும் விடை சொல்கிறோம். நாங்கள் வருவோம். மருத்துவர் ஆர்த்தி வருவார்; ரத்தம் எடுக்கும் பெட்டியோடு சாம் வருவார்; படகு ஆடினால் தலைசுற்றும் நானும் வருவேன். முனியம்மாளை அந்த இயந்திரத்துக்கு நாங்களும் விடமாட்டோம். உங்களைப்போல் கத்த எங்களுக்கு வராது, ஆனால் உங்களைப்போல் விடாமல் நிற்கக் கற்றுக்கொண்டோம்.

அம்மையே! காட்டூர் வீட்டில் கால் நீட்டி அமருங்கள். வேளைக்கு உண்ணுங்கள், தாகத்துக்குக் காத்திராமல் பருகுங்கள், யாரையாவது திட்ட வேண்டும் என்று தோன்றினால் எங்களைத் தொலைபேசியில் அழையுங்கள். குறையாத குரலோடும் குன்றாத நலத்தோடும் பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு வாழ்க! வாழ்க!

இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட வந்தவரைக் காக்கவைத்து, கடைசிப் பத்தி ஒன்றை இன்று காலை சேர்த்தேன். இதைப் படிக்கும் நேரத்தில், உங்கள் பக்கத்தில் காலியாக இருக்கும் நாற்காலியைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அது முனியம்மாளுக்காகப் போட்டது. அவரை அழைத்துவரச் சாம் விடிகாலையிலேயே போனார். நீரிலிருந்தபடியே அவர் சொல்லியனுப்பியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் படிக்கிறேன்: "இன்னிக்கி எறா நல்லா கீது, நான் எப்டி வர்றது? மெஷின்ல கெடந்திருந்தா, வேல வெட்டி இல்லாம மொத ஆளா வந்து குந்திக்கினு இருப்பேன். முனிமா வேலைல கீறான்னு அம்மாகிட்ட சொல்லு. அதுக்குப் புரியும்."

இப்படிக்கு,
உங்கள் உறுதியை உடன்கொண்ட
ஏரிக்கரை ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்கள்

மருத்துவர் ஆர்த்தி
ஆய்வக நுட்பநர் சாம்
எழுதிப் படித்தவன்: மருந்தாளுநர் விஜயராகவன்