மூவர் கல்லும் ரோஸ்வித்தா அம்மையாரும்

மேடையில் அமர்ந்திருக்கும் பாதிரியார் ஷ்மாட்லர் அவர்களே, எல்லைக் கல்லைக் காக்கும் எழுவர் அவையில் என்னோடு மீந்திருக்கும் ஐந்து தோழர்களே, ஏழு ஊர்களிலிருந்தும் அடக்கத்துக்கு வந்து இந்தக் கரடி விடுதியின் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! மேயர் லோதார் வீஸ்னர் அவர்களே, உங்களையும்தான் சொல்கிறேன். உங்கள் பெயரை விட்டுவிட்டேன் என்று நாளைக்குப் பத்திரிகையில் புகார் வந்துவிடக் கூடாது.

நான் ஆல்பிரெக்ட் ட்ரெஷர். மாட்டு வைத்தியன். வாழ்நாள் முழுக்க இந்த எல்லர் பள்ளத்தாக்கில் மாடுகளின் பின்பக்கம் நின்று பிழைத்தவன். நாற்றம் எனக்குப் புதிதல்ல. ஆனால் சற்றுமுன் மேயர் இங்கே நின்று பேசியபோது அடித்த நாற்றத்தை நான் எந்தத் தொழுவத்திலும் முகர்ந்ததில்லை. ‘எல்லர்ஸ்டைனின் ஈடில்லாச் செல்வம் டாக்டர் ரோஸ்வித்தா ஹாகென்லோஹர்’ என்றார். ‘அவர் காட்டிய வழியில் நடப்போம்’ என்றார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணையும் ஒற்றிக்கொண்டார். சீ! காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் காட்டிய வழியா? அவர் காட்டிய வழி மலை உச்சியில் இருக்கும் மூவர் கல்லுக்குப் போகிறது. அந்த வழியில் புல்டோசரை ஏற்றியவர் யார்? அந்தக் கல்லைப் பிடுங்கி, சூப்பர் மார்க்கெட் எதிரே ரவுண்டானாவில், நடுவில் நட்டு, சுற்றிப் பெட்டூனியாச் செடி வைத்தவர் யார்? நான் பெயர் சொல்ல மாட்டேன். கைக்குட்டை இன்னும் கையிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பார்ந்தவர்களே! ரோஸ்வித்தா அம்மையார் நம் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். எல்லர்ஸ்டைன் சிற்றரசைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பட்டம் வாங்கியவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அந்தச் சிற்றரசை முழுக்க நடந்தவர். பழைய ஏட்டில் ‘ஆற்றைக் கடக்கும் துறை’ என்று இருந்தால், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இந்தத் துறையா, அந்தத் துறையா என்று பார்த்த பிறகுதான் எழுதுவார். ‘என் கால் படாத இடத்தைப் பத்தி என் பேனா பேசாது’ என்பார். ஒரு முறை தெற்குச் சதுப்பில் தொடை வரை புதைந்து நின்றவரை நான் கயிறு கட்டி இழுத்தேன். கன்றுக்குட்டியை இழுக்கும் அதே கயிறு. வெளியே வந்ததும் நன்றியா சொன்னார்? ‘பாத்தியா ஆல்பிரெக்ட், இந்த நிலத்தை எந்தச் சிற்றரசனும் கேட்டுச் சண்டை போடலன்னு எழுதியிருக்கு. ஏன்னு இப்பப் புரிஞ்சுது’ என்றார்!

எவ்வளவு பெரிய சிற்றரசு அது? ரோஸ்வித்தா அம்மையார் சொன்னதையே சொல்கிறேன். காலையில் ரொட்டி தின்றுவிட்டு ஒரு கோடியில் புறப்பட்டால், பொழுது சாயும் முன் மறு கோடியில் பீர் குடிக்கலாம். அவ்வளவுதான். ஓர் ஆறு, ஒரு பீச்மரக் காடு, மலை மேல் ஏறிப் போகும் உப்பு வண்டிப் பாதை, ஆற்றுத் துறையில் ஒரு சுங்கச் சாவடி. அந்தச் சுங்கத்தில்தான் எல்லர்ஸ்டைன் சிற்றரசர்கள் தின்று கொழுத்தார்கள். ஆனால் நம் ஊரின் எண்ணூறாம் ஆண்டு விழாவுக்கு மேயரின் குழு அச்சடித்த வண்ண வரைபடத்தைப் பார்த்தீர்களா? அதில் நம் சிற்றரசு பெரிய ஆறு வரைக்கும் போய், அந்தப் பக்கம் பொஹீமியக் காடு வரைக்கும் படர்ந்து கிடக்கிறது! அம்மையார் கூட்டத்திலேயே அதைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார்: ‘ஏம்ப்பா லோதார், இது எல்லர்ஸ்டைனா, உன் தொப்பையா? வருஷா வருஷம் வளருதே!’

எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு என்ன செய்தோம்? வீட்டுக்குப் போய்த் தூங்கினோம். படம் ஊர் முழுக்கச் சுவரில் ஏறிவிட்டது. தூ!

அந்த விழாவின் நாயகன் யார்? கடைசிச் சிற்றரசன் போப்போ. ‘கொடைவள்ளல் போப்போ’ என்று நாடகமாம். குதிரை மேல் மேயரே ஏறுகிறாராம். கொடைவள்ளலா? எதைக் கொடுத்தான்? மலை உச்சியில் சிற்றரசனுடைய நிலமும் திருச்சபை ஆயருடைய நிலமும் மடாதிபதியுடைய நிலமும் சந்திக்கும் இடத்தில் ஒரு கல் நின்றது. மூன்று முகமுள்ள கல். அதை வசந்தம்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினான் அந்த வள்ளல். ஊற்று ஒன்று, மேய்ச்சல் நிலம் ஒன்று, பிறகு விதவை ஒருத்தியின் ஓட்ஸ் வயல் என்று விழுங்கினான். பொறுக்க முடியாமல் ஏழு ஊர்க்காரர்கள் ஊருக்கு ஒருவராகக் கூடி, கல்லை அதன் பழைய இடத்தில் நட்டு, அதன் அடியில் ரகசிய அடையாளம் புதைத்தார்கள். அந்த அடையாளம் என்ன, எப்படி வைக்கப்பட்டது என்பது அந்த ஏழு பேருக்கு மட்டும் தெரியும். ஒருவர் செத்தால் மற்ற ஆறு பேர் புதியவரைச் சேர்த்துக்கொண்டு, காதோடு சொல்வார்கள். மனைவிக்கும் தெரியாது, மன்னனுக்கும் தெரியாது. போப்போ வாரிசில்லாமல் செத்தான். ஆயரும் மடாதிபதியும் அவன் சிற்றரசைப் பொரித்த வாத்தைப் பிய்ப்பதுபோல் ஆளுக்கொரு தொடையாகப் பிய்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு அந்த மடம் சோபா விற்கிற கிடங்கு. ஆனால் கல் நின்றது. எழுவர் நின்றோம்.

அந்த எழுவரில் முதல் பெண் ரோஸ்வித்தா அம்மையார். அவரைச் சேர்க்கலாம் என்றபோது கிழவர்கள் முறுக்கிக்கொண்டார்கள். ‘பொம்பளை வாயில ரகசியம் நிக்குமா?’ என்று கேட்டார் ஒருவர். அவர் இப்போது இல்லை, ஆகவே பெயர் வேண்டாம். அம்மையார் பீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: ‘ரெண்டு கோப்பை உள்ள போனா நீங்க உங்க படுக்கையறைச் சங்கதி வரைக்கும் கக்கிடுறீங்க. நான் நாலு குடிப்பேன். கக்கமாட்டேன்.’ அன்றைக்கே கை தூக்கிச் சத்தியம் செய்தார். சாகும் வரை கக்கவில்லை.

இங்கே விழாக் குழுவுக்கு ஆலோசனை சொல்ல நகரத்திலிருந்து வந்த கனவானும் இருக்கிறார். அவருக்காக ஒன்று சொல்கிறேன். மற்றவர்களுக்குத் தொட்டிலிலேயே தெரியும். எல்லைக் கல்லை நகர்த்தியவன் செத்த பிறகு சும்மா கிடக்க மாட்டான். கொதிக்கிற கல்லைத் தோளில் சுமந்துகொண்டு வயல் வரப்பெல்லாம் அலைவான். ‘எங்கே வைப்பேன்? எங்கே வைப்பேன்?’ என்று கத்துவான். யாராவது ஒருவர் பயப்படாமல் ‘எடுத்த இடத்திலே வை!’ என்று சொன்னால்தான் அவனுக்கு விடுதலை. போப்போ அப்படி நெடுங்காலம் அலைந்தான் என்று நம் ஊரில் சொல்வார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பிப்ரவரியில் அம்மையார் தேவாலயப் படியில் பனியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் நடமாட மாட்டார் என்று தெரிந்ததும் அதே வாரத்தில் மலை உச்சிக்கு இயந்திரங்கள் ஏறின. அங்கே பார்வைக் கோபுரம் கட்டுகிறார்களாம், அதற்குக் கார் நிறுத்துமிடம் வேண்டுமாம். எழுவரைக் கேட்டார்களா? எல்லைக் கல்லை எழுவர் இல்லாமல் யாரும் தொடக் கூடாது என்பது நேற்று வந்த வழக்கமா? ஆயர்கள் மதித்தார்கள், மடாதிபதிகள் மதித்தார்கள், இரண்டு போர்களில் வந்த படைகள்கூட அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு போயின. மேயர் வீஸ்னர் மதிக்கவில்லை.

இயந்திரம் ஓட்டியவர் உடோ கிராம்லிஷ். அதோ, கதவோரம் நிற்கிறார். ‘பழைய வேலிக் கல்’ என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். கல் மேலே வந்தது. குழிக்குள் என்னவோ தெரிந்தது. உடோ பார்த்துவிட்டார். அடுத்த கணம் என்ன செய்தார் தெரியுமா? இயந்திரத்தை நிறுத்தினார். குதித்து இறங்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் குழிக்குள் மூடினார். அந்தக் குளிரில்! மேலே மண்ணைத் தள்ளி, ‘இதுக்கு மேல நான் தொட மாட்டேன். வேற ஆளைப் பாருங்க’ என்று சொல்லி இறங்கி நடந்துவிட்டார். வேலை போயிற்று. வேறு ஆள் வந்து ஜல்லி கொட்டி மட்டம் செய்தான். இப்போது ‘ஐயோ, அந்த இடமே அழிந்துபோயிற்றே, கல் ரவுண்டானாவிலேயே இருக்கட்டும்’ என்று மேயர் அங்கலாய்க்கிறார். அழித்தவனே அழுதால் அந்த அழுகைக்கு என்ன பெயர்?

பிறகு மேயர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பூங்கொத்தோடு வந்தார். போட்டோக்காரனோடும் வந்தார். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பல் முப்பத்திரண்டும் தெரிய, ‘டாக்டரம்மா, கல்லு சும்மா ஜம்முனு இருக்கு. எந்த முகம் எந்தப் பக்கம் பாக்கணும்னுதான் தெரியல. நீங்களே சொல்லுங்க, எங்க வைக்கலாம்?’ என்று கேட்டார்.

அன்பர்களே, கேட்டீர்களா? தன் வாயாலேயே கேட்டார்! ‘எங்க வைக்கலாம்?’ அம்மையார் சிரித்தார். வலியில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ‘லோதார், உனக்கு நாலாம் வகுப்புல நான்தான் பூகோளம் எடுத்தேன். இந்தக் கேள்விக்குப் பதில் அப்பவே உனக்குத் தெரியும்’ என்றார். போட்டோக்காரன் சிரிக்கிற முகத்தைப் படம் பிடித்துக்கொண்டான். மறுநாள் பத்திரிகையில் ‘மேயரின் திட்டத்துக்கு டாக்டர் ஹாகென்லோஹர் மகிழ்ச்சி’ என்று வந்தது. வெட்கம், மானம் என்று இரண்டு சொல் நம் பேச்சில் இன்னும் இருக்கின்றனவா? சாகக் கிடக்கிறவளின் சிரிப்பைக்கூடத் திருடுகிறார்களே!

அவர் அந்தப் பத்திரிகையைப் பார்த்தார். அதன் பிறகு சாப்பிடவில்லை. ‘உடோவைக் கூட்டிட்டு வா’ என்றார். வந்தார் உடோ, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு.

‘பாத்தியா?’

‘பாத்துட்டேன் டாக்டரம்மா. தெரியாமத்தான். மன்னிச்சிடுங்க.’

‘யார்கிட்ட சொன்ன?’

‘பொண்டாட்டிகிட்ட கூட சொல்லல. சட்டை எங்கன்னு அவ கேட்டதுக்கு, தொலைஞ்சுபோச்சுன்னுட்டேன். இன்னைக்கு வரைக்கும் திட்டுறா.’

‘அப்ப நீ ஏற்கெனவே எங்கள்ல ஒருத்தன்தான்டா. பாத்தவன் சத்தியம் பண்ணணும், அதான் வழக்கம். அது ஒண்ணுதான் பாக்கி.’

‘ஏழு பேரும் இருக்கீங்களே டாக்டரம்மா. இடம் எங்க இருக்கு?’

‘கொஞ்சம் பொறு. காலி பண்ணித் தர்றேன்’ என்றார்.

காலி பண்ணிக் கொடுத்துவிட்டார், தாய்மார்களே. இன்று காலை மண்ணுக்குள் இறக்கினோம்.

உடோ, முன்னால் வாருங்கள். வெட்கப்படாதீர்கள், இங்கே வெட்கப்பட வேண்டியவர்கள் வேறே. பாதிரியார் சாட்சி, ஏழு ஊரும் சாட்சி. மூன்று விரலைத் தூக்குங்கள். கண்டதைச் சொல்ல மாட்டேன், கல்லை நகர விட மாட்டேன், இந்த ரகசியத்தோடுதான் மண்ணுக்குள் போவேன் என்று சொல்லுங்கள். சொன்னார், கேட்டீர்களா! எழுவர் மறுபடியும் எழுவர் ஆனோம். ஹெட்விக் அம்மா, உங்கள் வீட்டுக்காரருடைய சட்டை தொலையவில்லை. ஜல்லிக்கு அடியில், சரியான இடத்தில், கல்லுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. இனிமேல் அவரைத் திட்டாதீர்கள்.

என்ன மேயரே, எழுந்துவிட்டீர்கள்? ரவுண்டானாவைப் பார்க்கப் போகிறீர்களா? வேண்டாம். காலையில் தேவாலயத்தில் நீங்கள் முதல் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோதே உடோ அங்கே போய்விட்டு வந்துவிட்டார். கல் வாசலில் என் மாட்டு டிரெய்லரில் வைக்கோல் மேல் படுத்திருக்கிறது. ரவுண்டானா வெறுமையாகத் தெரியக் கூடாதே என்று, நீங்கள் கல்லறைக்கு அனுப்பிய பெரிய மலர்வளையத்தை அங்கே வைத்திருக்கிறோம். தங்க எழுத்தில் நகரசபையின் பெயர் பளிச்சென்று தெரிகிறது. உட்காருங்கள். போலீஸ்காரர் தம்பி கேக் சாப்பிடுகிறார், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அன்பார்ந்தவர்களே! டாக்டர் ரோஸ்வித்தா ஹாகென்லோஹருக்குச் சிலை வேண்டாம், தெருப்பெயர் வேண்டாம், கண்ணீர் வேண்டவே வேண்டாம். இப்போதே மலைக்கு ஏறுவோம். ஜல்லியை அள்ளுவோம். நாங்கள் ஏழு பேர் குழியில் குனியும்போது நீங்கள் எல்லோரும் வழக்கப்படி திரும்பி நில்லுங்கள். மேயரே, நீங்களும் வாருங்கள். அம்மையார் உயிரோடு இருந்தவரை நீங்கள் காட்டியது முதுகைத்தானே, உங்களுக்கு இது கஷ்டமாக இருக்காது. எனக்கு உங்கள் மேல் மீந்திருக்கும் இரக்கம் இது ஒன்றுதான்: செத்த பிறகு நீங்கள் கொதிக்கிற கல்லோடு என் மாடுகளுக்கு நடுவில் அலைந்து, அவற்றைக் கலவரப்படுத்த வேண்டாம்.

புறப்படும் முன் ஒரே ஒரு கேள்வி. உங்கள் பிள்ளைகளுக்கும் பதில் தெரியும். கல்லறைத் தோட்டம் தெருவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அவருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். ஏழு ஊர் மக்களே, இந்தக் கல்லை எங்கே வைப்போம்?

…போதும், போதும்! ஜன்னல் கண்ணாடி உடைந்துவிடும். அவருக்குக் கேட்டிருக்கும்.

காபி ஆறட்டும். வாருங்கள்.