ட்ரியாஜ் கவுண்டர் பக்கத்து நாற்காலி

தலைமை தாங்கும் பரஞ்சோதி அண்ணன் அவர்களே, அகத்தா அக்காவின் கணவர் கிளாரன்ஸ் அவர்களே, தோட்டத்திலிருந்தும் டவுனிலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே, ரூபினியின் வணக்கம். நள்ளிரவு தாண்டி எழுதி அனுப்புகிறேன், மன்னியுங்கள். மகனுக்குக் காய்ச்சல், அக்காவின் நினைவுக் கூட்டத்துக்கு வர முடியவில்லை. என் சொற்களை அண்ணன்தான் உங்களுக்கு வாசிக்கிறார்.

அகத்தா அக்கா யார்? மருத்துவர் அல்லர். தாதியும் அல்லர். கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் தரம் பிரித்தவர். பிறகு மருத்துவமனை அவசரப் பிரிவில், ட்ரியாஜ் கவுண்டர் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தன்னார்வலராக உட்கார்ந்தவர். ஐந்து ஆண்டுகள்! எதற்கு? ட்ரியாஜ் என்ற அந்த ஒரு சொல்லை நமக்குப் புரியவைக்க!

நான் அவரைச் சந்தித்ததே சண்டையில்தான். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகனுக்குக் காய்ச்சல். அவசரமில்லை என்று பச்சை அட்டை கொடுத்து உட்காரச் சொன்னார்கள். எங்களுக்குப் பின்னால் வந்தவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். "நாங்க மனுசங்க இல்லையா?" என்று கத்தினேன். காலேஜ் படித்தவள்தான், போர்டில் இருந்த சொல்லுக்கு அர்த்தம் தெரியாது.

"கத்தும்மா. தொண்டை கட்டுனா அதுக்கும் பச்சை அட்டைதான்," என்றார் அக்கா. அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன்.

"ட்ரியாஜ்னா பிரெஞ்சுக்காரன் சொல்லு தங்கச்சி. பிரிச்செடுக்கிறதுன்னு அர்த்தம். மொதல்ல ஆட்டு ரோமத்தப் பிரிச்சான், அப்புறம் சண்டையில அடிபட்டவங்கள. பேக்டரியில நானும் அதத்தான் செஞ்சேன். என்ன, அங்க நல்லதுக்கு மரியாத, இங்க மோசமானதுக்கு. காத்திருக்கச் சொன்னா நல்ல சேதி லா. ஆனா பிள்ள துவண்டா, மூச்சு வாங்குனா, ஒடனே எந்திரிச்சு சொல்லு. அட்டையோட நெறம் மாறும்."

ஆனால், பிரிப்பவரிடம் நாம் உண்மையைச் சொல்கிறோமா? அதிகாரி கேட்டால் "பரவால்ல" என்போம். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்! சிடாம் கிரி தோட்டத்து அம்மாசி ஐயாவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டு, தாதியிடம் "சிக்கிட் சாஜா" என்றார். கொஞ்சம்தானாம்!

"ஏன் ஐயா, இது என்ன கல்யாணப் பந்தியா, போதும் போதும்ங்கிறீங்க? வேர்த்து ஊத்துது. வலி எங்க?" என்றார் அக்கா.

"இடது கை வரைக்கும் இழுக்குதும்மா. கூட்டமா இருக்கே, அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு..."

அக்கா அதை அப்படியே தாதியிடம் மலாயில் சொன்னார். பச்சை அட்டை சிவப்பானது, உடனே உள்ளே கொண்டுபோனார்கள். அந்த அம்மாசி ஐயா இப்போது உங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், வருவேன் என்று சொல்லியிருக்கிறார். பாருங்கள் அவரை! எந்த விருது இதற்கு ஈடாகும்?

இதை எழுதும் இந்த இரவில் மகனின் உடம்பு கொதித்தபோது, கை தானாகப் போனில் அக்காவின் எண்ணைத் தேடியது. அழைக்கப் போன பிறகுதான் உறைத்தது. அடக்கம் செய்து ஒன்பது நாளாகிறது. இனி யாரைக் கேட்பேன்? மகனை மடியில் போட்டுக்கொண்டு, மூச்சை நானே எண்ணினேன்.

வெள்ளிக்கிழமைக்குள் மாற்று ஆட்களின் பெயரை மருத்துவமனை கேட்டிருக்கிறது. இல்லையென்றால் நாற்காலியை எடுத்துவிடுவார்கள். எனக்குப் பயந்த சுபாவம். ஆனாலும் புதன்கிழமைதோறும் நான் உட்காருவேன். அக்காவின் பெயரால் இது உறுதி. மற்ற ஆறு நாளும் காலியாக இருக்கின்றன. பெரிய படிப்பு வேண்டாம். தமிழும் மலாயும் தெரிந்து, "பரவால்ல" என்கிறவரை விடாமல் இன்னொரு தடவை கேட்கத் தெரிந்தால் போதும்.

என் எண் அண்ணனிடம் இருக்கிறது. எந்த நாள் உங்களால் முடியும்? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.